டேப் அக்கா கைத்தோல் காத்த படலம்

வாழி, பெட்டிவாய் அடைத்த பெருமகளே, வாழி! பழுப்புப் பிசின்நாடாவை ஒரே இழுப்பில் உருவி, ஒரே நீவலில் படியவைத்து, ஒரே வெட்டில் அறுத்தெறியும் ஆற்றலால் கிடங்குலகம் முழுதும் ‘டேப் அக்கா’ என்று போற்றப்பட்டவளே, வாழி! பெற்றவர் சூட்டிய பெயர் சம்பளச் சீட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடக்க, உடன் உழைத்தோர் வழங்கிய இப்பட்டமே நெற்றி விருதாகத் துலங்க, விரல் பத்தையும் படைத்தலைவர் பதின்மராக நடத்தி, அட்டைப்பெட்டிப் பெருஞ்சேனையை நாள்தோறும் வாயடக்கி வண்டியேற்றிய உன் கைகளின் புகழைப் பாடத் துணிந்தோம். எம் நாவே, இடையில் உலர்ந்துவிடாதே. இக்கதையில் உலரும் பொறுப்பு அக்காவின் விரல்களுக்கே உரியது.

நகரத்தின் விளிம்பில், லாரிகள் திரும்பத் திணறும் சாலையின் கோடியில், தகரக் கூரையும் சிமெண்டுத் தரையுமாக நீண்டு கிடந்தது அக்கிடங்கு. மாந்தர் தத்தம் வீட்டில் சாய்ந்தபடி செல்போனைத் தட்டி வாங்கும் பொருள்கள் யாவும் அங்கே வந்து குவியும். அங்கே பெட்டிக்குள் புகும். அக்காவின் கையால் வாயடைக்கப்பட்டு, லேபிள் ஒட்டப்பட்டு, உலகை நோக்கிப் புறப்படும். சாதாரண நாளில் அது ஒரு வேலை. விடுமுறைக் காலம் வந்துவிட்டாலோ அது போர். பரிசு கொடுக்க நினைத்தவன், பரிசு கொடுக்க மறந்தவன், தனக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்பவன் என மூவகை மாந்தரும் ஒருசேர ஆர்டர் போட, கன்வேயர் பெல்ட்டின்மேல் பெட்டிகள் வெள்ளம்போல் வந்தன; வெள்ளமாவது ஒருநாள் வடியும்.

அவ்வாண்டு மற்றெல்லாப் பண்டங்களையும் புறமுதுகிடச் செய்து விற்பனைக் களத்தில் கொடி நாட்டியது எது? ‘விடுமுறைக் காலச் சருமப் பராமரிப்புப் பரிசுப்பெட்டி.’ முகத்துக்கு ஒரு கிரீம், உதட்டுக்கு ஒரு கிரீம், முழங்கைக்கு ஒரு கிரீம், எந்த உறுப்புக்கென்று எவருக்கும் விளங்காத ஒரு கிரீம் என்று அதற்குள் ஒரு குடும்பமே குடியிருந்தது. மூடியில் ஒரு நங்கை தன் கன்னத்தைத் தானே இன்றுதான் கண்டுபிடித்தவள்போல் தொட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். குளிர்ந்து வறண்ட காற்று ஷட்டரின் அடியால் நுழைந்து உதட்டையும் காதுமடலையும் உரித்த அப்பருவத்தில், உலகத்தார் தோலெல்லாம் பளபளக்க வேண்டி, அந்த நங்கையின் சிரிப்பின்மேல் குறுக்காக நாடா ஒட்டி ஒட்டி அனுப்பிக்கொண்டிருந்தாள் நம் தலைவி. அவள் தன் தோலுக்கென்று அதுகாறும் செய்திருந்ததெல்லாம், குளித்தபின் துடைத்தது ஒன்றே.

அட்டைப்பெட்டி என்பது பார்க்கச் சாது, பழகப் பகை. தொட்டவர் விரலிலிருந்து எண்ணெய்ப் பசையை உறிஞ்சிக் குடித்துவிட்டு ஒன்றும் அறியாததுபோல் அடுக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். முதலில் அக்காவின் விரல்நுனிகள் வெளுத்தன. பிறகு சொரசொரத்தன. பிறகு பெருவிரலின் ஓரத்தில் ஒரு வெடிப்பு தோன்றி, அது தன் சுற்றத்தாரை அழைத்து, சுற்றத்தார் தம் சுற்றத்தாரை அழைக்க, உள்ளங்கை முழுவதும் வரப்பும் வாய்க்காலுமாயிற்று. புடவைக்குக் கொசுவம் வைத்தால் நூல் விரலில் மாட்டி இழுத்தது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் கண்ணில் நட்சத்திரம் தெரிந்தது. ஆயினும் அவள் அஞ்சவில்லை, அழவில்லை, கவனிக்கவும் இல்லை.

ஏனெனில் அவள் நெஞ்சில் அப்போது ஒரு கடல் இருந்தது. அவள் கணவர் பஸ் ஓட்டுநர். விடுமுறைக் காலத்தில் ஊர்மக்களையெல்லாம் கடற்கரைக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, அலையைக் கண்ணாடி வழியே கண்டு, அப்படியே வண்டியைத் திருப்பிக்கொண்டு வருபவர். திருமணமான நாள்முதல் ஒரு விடுமுறைக் காலத்திலும் அவருக்கு லீவு கிடைத்ததில்லை. அவருக்குக் கிடைக்காதபோது அவளும் கேட்டதில்லை. இவ்வாண்டுதான் டிப்போவில் அவர் முறை வந்தது. அவளும் எழுதிக் கொடுத்தாள். கடலோரத்தில் ஒரு அறை சொல்லி வைத்தார்கள். அவர் ஓட்டாத ஒரு பஸ்ஸில் இருவரும் பக்கத்துப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து போவது என்று முடிவாயிற்று. அதில் யார் ஜன்னலோரம் என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை.

இந்தக் கடலுக்கும் இந்தத் தலைவிக்கும் நடுவே நின்றது ஒரு சிறு பெட்டி.

கிடங்கின் வாயிலில், வாட்ச்மேனின் நாற்காலிக்கு மேலே, சுவரில் அறையப்பட்டிருந்தது அது: கைரேகை எந்திரம். உள்ளங்கை அளவே உருவம். ஆயினும் ஊழியர் அனைவரின் வரவும் போக்கும் அதன் ஒற்றைக்கண் கருணையில் தொங்கின. விரல் வைத்தால், தெரிந்தவரெனில் பச்சை விளக்கு எரியும், வேலைக்குச் சேர்ந்த நாளில் எடுத்த படம் திரையில் தோன்றும், “வணக்கம். வருகை பதிவாகிவிட்டது” என்று ஒரு பெண்குரல் மொழியும். தெரியாதவரெனில் சிவப்பு விளக்கு எரியும், அதே குரல் அதே கனிவோடு “மீண்டும் முயற்சிக்கவும்” என்று சொல்லும். ஊழியர் அக்குரலை ‘மேடம்’ என்று மரியாதையாகவே அழைத்தனர். எந்திரத்தின் அருகே மேலிடத்தின் பிரகடனம் ஒட்டப்பட்டிருந்தது: “வருகையில் குறைவு உள்ளோருக்கு விடுமுறைக் கால லீவு ரத்து. எந்திரத்தின் பதிவே இறுதியானது.”

ஒரு காலைப்பொழுதில் போர் மூண்டது.

வானம் வெளிறிக் கிடக்க, வாயிலில் வரிசை நெளிந்து நிற்க, சோற்றுப்பையைத் தோளில் மாட்டிய நம் தலைவி எந்திரத்தின் முன் தோன்றினாள். வலப் பெருவிரலை, மதயானையைக் கோட்டைக் கதவில் ஏவும் மன்னன்போல, கண்ணாடியின்மேல் ஏவினாள்.

“மீண்டும் முயற்சிக்கவும்.”

பெருவிரல் பின்வாங்கியது. சுட்டுவிரல் எழுந்தது, வாளுறையிலிருந்து உருவிய வாளென நீண்டது, வெடிப்புகளே விழுப்புண்களாக விளங்கச் சென்று மோதியது.

“மீண்டும் முயற்சிக்கவும்.”

வலப்படை முறிந்தது கண்டு இடப்படை புகுந்தது. இடப் பெருவிரல் நேராகத் தாக்கிற்று, சாய்ந்து தாக்கிற்று, உருண்டு தாக்கிற்று. அக்கா ஊதினாள். புடவைத் தலைப்பில் துடைத்தாள். மறுபடி ஊதினாள். பதிவு செய்யப்படாத நடுவிரலும் மோதிரவிரலும்கூடத் தம் இனம் அழிவதைக் காணப் பொறாமல் களத்தில் குதித்து வீணே மடிந்தன. மேடம் சலிக்கவில்லை, குரலில் கனிவு குறையவில்லை. அந்தக் கனிவுதான் அக்காவை அதிகம் சுட்டது.

பின்னால் வரிசை முணுமுணுத்தது.

“என்னக்கா, ஜோசியம் பாக்குறியா? சீக்கிரம் வா” என்றார் லேபிள் ஒட்டும் அண்ணன்.

“தலையில தேய்ச்சு வைங்கம்மா. தலை எண்ணெய் விரல்ல ஏறும்” என்று போர்முறை உரைத்தார் வாட்ச்மேன்.

அவள் தேய்த்தாள். அன்றைக்கென்று தலைக்குக் குளித்திருந்தாள். எண்ணெய் ஏறவில்லை, வெடிப்பில் ஒரு முடி சிக்கிக்கொண்டது, அவ்வளவே.

அரவம் கேட்டு உள்ளிருந்து வெளிப்பட்டார் சூப்பர்வைசர். பொல்லாதவர் அல்லர். மேலிடத்துக்கு அஞ்சியும் கீழிடத்துக்கு இரங்கியும் நடுவில் நசுங்கிய நல்லவர். சட்டைப்பையில் மூன்று பேனாக்களும் முகத்தில் எப்போதும் பாதித் தூக்கமும் உடையவர்.

“சார், மிஷின் என்னை எடுக்க மாட்டேங்குது. நீங்களே எழுதிக்கோங்க.”

“கையால எழுதுறதெல்லாம் எடுத்துட்டாங்கம்மா. சிஸ்டம்ல விழுந்தாத்தான் வந்ததா கணக்கு.”

“நான் இங்கதான சார் நிக்கிறேன்?”

“நிக்கிறீங்க. நான் இல்லேங்கலை. ஆனா சிஸ்டத்துல நீங்க வரலையே.”

கேட்டீரோ இந்நியாயத்தை! ஊனும் உயிரும் சோற்றுப்பையுமாக எதிரே நிற்பவள், வராதவள் ஆனாள். அவர் மேலும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “இன்னைக்கு ஒரு நாள்னா நான் எப்படியாவது பேசிக்கிறேன். மறுபடி இப்படி ஆச்சுன்னா உங்க லீவு என் கையில இல்ல. பாத்துக்குங்க.”

வராதவள் உள்ளே போனாள். வராதவள் அன்று முழுவதும் வேலை செய்தாள். எஞ்சிய ரேகையையாவது காக்கலாமென்று ஸ்டோரில் கேட்டு ஒரு ஜோடி நூல் கையுறை வாங்கி மாட்டிக்கொண்டாள். கவசம் அணிந்தவளைக் கண்டு பிசின்நாடாவுக்கு வெறி பிறந்தது. அதுவரை அவளுக்கு ஏவலனாயிருந்த நாடா, கையுறையைக் கண்டதும் காதலியைக் கண்டவன்போல் பாய்ந்து தழுவியது. அவள் இழுத்தாள்; அது இழுத்தது. இழுபறியின் உச்சத்தில் பெட்டி நகர்ந்தது, பெல்ட் ஓடியது, இடக்கையுறை ஐந்து விரலும் விரித்தபடி ஒரு பரிசுப்பெட்டியின் தலையில் ஒட்டிக்கொண்டு, போய்வருகிறேன் என்று கையசைத்தவாறே லாரிக்குள் மறைந்தது. எங்கோ ஒரு வீட்டில், அன்புப் பரிசை எதிர்பார்த்துக் கதவு திறந்தவர் அதைக் கண்டு என்ன நினைத்தாரோ, நாம் அறியோம்.

மறுநாள் அவளுக்கு வாராந்திர ஓய்வுநாள். அந்த ஒரு பகல் மட்டுமே படை திரட்டக் கிடைத்த அவகாசம். வேலை முடிந்து அன்று மாலையே வீடு திரும்பியவள், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல், வாழ்வில் ஒருநாளும் செய்யாத ஒன்றைச் செய்தாள். மாடிப்படி ஏறி, நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

இதன் கனத்தை உணர வேண்டுமெனில் ஒரு பழம்பகையை அறிதல் வேண்டும். நாத்தனார் பியூட்டி பார்லரில் வேலை பார்ப்பவள். “மூஞ்சியில மாவு பூசி மாவு கழுவுறதெல்லாம் ஒரு வேலையா?” என்று அக்கா ஒரு குடும்ப விருந்தில் பலர் நடுவே கேட்டிருந்தாள். அன்றுமுதல் இருவருக்கும் இடையே பேச்சு இருந்தது, சிரிப்பு இருந்தது, கிண்ணத்தில் பதார்த்தப் பரிமாற்றமும் இருந்தது. ஆனால் கிண்ணம் கழுவாமல் திரும்பியது. அத்தகைய வாசலில் நின்று, இன்று தன் இரு கைகளையும் நீட்டினாள் தலைவி.

நாத்தனார் கைகளைப் பிடித்தாள், திருப்பினாள், விளக்கின் அடியில் கொண்டுபோனாள்.

“அண்ணி, இது கையா, உப்புத்தாளா?”

“கிண்டல் பண்ணாத. நாளன்னைக்குக் காலையில இந்த விரலை மிஷின் எடுக்கணும். எடுக்கலேன்னா லீவு கிடையாது. உங்கண்ணன் தனியாத்தான் போகணும்.”

நாத்தனார் அந்தப் பழைய விருந்தை நினைவுபடுத்தியிருக்கலாம். அதற்கென்றே எத்தனையோ வாக்கியங்களைத் தீட்டி வைத்திருந்தாள். ஆனால் பெருவிரல் ஓரத்து வெடிப்பில் ரத்தம் கசிந்து உறைந்திருந்ததை அவள் விரல் தடவிற்று. தீட்டிய வாக்கியங்கள் உறையிலேயே உறங்கின.

“வலிக்கலையா அண்ணி?”

“வலிக்குது.”

“அப்புறம் ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“உன்கிட்ட எப்படிச் சொல்றது?”

நாத்தனார் அலமாரியைத் திறந்து, விளம்பரமும் நங்கையும் இல்லாத, மூடி நசுங்கிய ஒரு பெரிய டப்பாவை எடுத்தாள். பார்லரில் மதிப்புள்ள கைகளுக்கு மட்டும் திறக்கப்படும் டப்பா அது. திறந்தபோது மெழுகும் ஏதோ பூவும் கலந்த ஒரு மணம் மாடி முழுவதும் பரவிற்று. டப்பாவைத் தலைவியின் கையில் வைத்து, போருக்கு நாள் குறிக்கும் நிமித்திகன்போல அவள் ஆணைகளை அடுக்கினாள்: கொதிக்கும் நீர் ஆகாது, வெதுவெதுப்பே விதி, பாத்திர சோப்பைத் தொடுதல் பெரும்பாவம், கைகழுவி ஈரம் முற்றும் காயுமுன் இதைத் தடவ வேண்டும், காய்ந்தபின் தடவினால் பயனில்லை, படுக்கும்போது கெட்டியாகப் பூசி உறை மாட்டிக்கொள்ள வேண்டும், வெடிப்பைப் பிய்க்கக் கூடாது, கடிக்கக் கூடாது, போவோர் வருவோரிடமெல்லாம் நீட்டிக் காட்டவும் கூடாது.

“பாத்திரத்தை யார் கழுவுறது?” என்று கேட்டாள் தலைவி.

நாத்தனார் மாடிக் கைப்பிடியில் சாய்ந்து கீழே பார்த்துக் குரல் கொடுத்தாள்: “அண்ணா! கொஞ்சம் மேல வாங்க.”

இவ்வாறு அச்சாரதி, பெருஞ்சாலைகளில் பேருந்துகளை அடக்கி ஆண்ட அத்தேரோட்டி, தம் வீட்டுச் சமையலறைத் தொட்டியின் முன் நிறுத்தப்பட்டார். குக்கரின் அடியில் கருகிப் பிடித்திருந்தது அக்குடும்பத்தின் நேற்றைய மறதி. அவர் அதை ஒரு பள்ளத்தைத் தவிர்ப்பதுபோல் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். உதவிக்கு எழுந்த அக்காவை, “உக்காரு, கையைக் காட்டாத” என்று தடுத்தார். அவள் உட்கார்ந்தாள். வெறுங்கையோடு உட்கார்வது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை. கையை மடியில் வைத்துப் பார்த்தாள். முழங்காலில் வைத்துப் பார்த்தாள். கடைசியில் யாரோ தந்துவிட்டுப் போன குழந்தையை ஏந்துவதுபோல் இரண்டையும் காற்றில் ஏந்திக்கொண்டாள்.

ஓய்வுநாள் விடிந்தது. தலைவி இரு கைகளிலும் கணவரின் காலுறைகளை மாட்டியவளாகத் துயிலெழுந்தாள். வேலைக்குக் கிளம்பிய அவர் அவற்றைத் தேடி வீட்டைக் கவிழ்த்தார்.

“என் சாக்ஸ் எங்க?”

“என் கையில.”

“இன்னொரு ஜோடி?”

“அதுவும் இதுக்கு உள்ள இருக்கு.”

அவர் வெறுங்காலில் ஷூ மாட்டிக்கொண்டு போனார். தியாகத்தின் வரலாற்றில் இதைவிடச் சிறியவை பெரிதாகப் பாடப்பட்டிருக்கின்றன.

அன்று பகல் முழுவதும் அவள் தடவினாள், ஊறவைத்தாள், காத்தாள். வெங்காயம் உரிக்கவில்லை, துணி பிழியவில்லை, கதவைக்கூட முழங்கையால் திறந்தாள். முதலில் தோல் டப்பாவை நம்பவில்லை. பூசியதெல்லாம் மேலேயே நின்றது. நண்பகல் தாண்டியதும் நெடுநாள் பட்டினி கிடந்தவன் கூச்சம் விட்டு இலையை இழுத்துக்கொள்வதுபோல் குடிக்கத் தொடங்கியது. வெளுப்பு மறைந்தது. வெடிப்பின் கரைகள் இளகின. மாலை வெளிச்சத்தில் பெருவிரலை உயர்த்திப் பார்த்தபோது, வட்டத்துள் வட்டமாக, வாசலில் இட்ட கோலத்தின் கோடுகள்போலத் தன் ரேகை மீண்டிருப்பதைக் கண்டாள். தனக்கென்று இப்படியொரு கோலம் பிறவியிலேயே போடப்பட்டிருந்தது என்பதை அவள் அன்றுதான் கவனித்தாள். சற்று நேரம் வேறொன்றும் செய்யாமல் அதையே பார்த்திருந்தாள்.

அடுத்த நாள் காலை. எழுக முரசே! ஊதுக கொம்பே! வரிசையில் முதல் ஆளாக நின்றாள் தலைவி. பனியும் காற்றும் வழியெங்கும் எதிர்த்து வந்தும், உறையிட்ட கைகளைக் கக்கத்தில் பொத்திக் காத்து, டப்பாவைக் கைப்பையில் மறைத்து, உறையை மெல்ல உருவினாள். மெழுகின் மெல்லொளி படர்ந்த பெருவிரல் வெளிப்பட்டது. வரிசை மூச்சடக்கிற்று. விரல் கண்ணாடியில் அமர்ந்தது. வென்ற வேந்தன் அரியணையில் அமர்வதுபோல அவசரமின்றி அமர்ந்தது.

பச்சை விளக்கு! திரையில் அவள் படம்! வேலைக்குச் சேர்ந்த அன்று கேமராவைக் கண்டு மிரண்டு விழித்த அதே படம்!

“வணக்கம். வருகை பதிவாகிவிட்டது.”

வாட்ச்மேன் கைதட்டினார். தலைவி இருபுறமும் நோக்கித் தலையசைத்தாள். அடுத்து நின்ற லேபிள் அண்ணன், தாமும் அப்புகழில் சிறிது பெறுவோமென்று தம் வறண்ட விரலை வைத்தார்.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில் அக்கா மிரண்டு விழித்தாள்.

“வணக்கம். வருகை பதிவாகிவிட்டது.”

அண்ணன் திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். “நான் இல்லையே இது” என்றார். பின்னால் நின்றவர் பொறுமையிழந்து அவரைத் தள்ளிவிட்டுத் தம் விரலை வைத்தார். மீண்டும் அக்கா. அவருக்கும் பின்னால் நின்றவள், மீசைக்காரர், நெட்டையர், புதிதாகச் சேர்ந்தவள் என எவர் வைத்தாலும் அக்கா, அக்கா, அக்கா. நடந்தது இதுதான்: கிரீம் ஊறிய விரல் கண்ணாடியில் தன் முத்திரையைத் தெளிவாகப் பதித்துவிட்டுப் போயிருந்தது. அட்டையால் தேய்ந்து ரேகை மங்கிய மற்ற விரல்கள், அதன்மேல் வந்து அழுத்தின. தம்மைக் காட்டவில்லை, அவளையே காட்டின. மேடத்துக்கு ஐயம் எழவில்லை. வந்தவர்களையெல்லாம் அக்கா என்றே எண்ணி அன்போடு வணங்கிக்கொண்டிருந்தாள்.

முந்தாநாள் நின்றும் வராதவள், இன்று ஒரு சேனையாக வந்துகொண்டிருந்தாள்.

கம்ப்யூட்டரில் இதைக் கண்ட சூப்பர்வைசர் நாற்காலி உருள ஓடிவந்தார். “என்னம்மா இது! ஷிஃப்ட் மொத்தமும் ஆப்சென்ட். நீங்க மட்டும் வந்துகிட்டே இருக்கீங்க!”

“நான் ஒரு தடவைதான் சார் வந்தேன்.”

“சிஸ்டம் அப்படிச் சொல்லலையே!”

“அன்னைக்கு நான் வரலேன்னு சொன்னதும் அதே சிஸ்டம்தான சார்?”

வரிசை எங்கும் ஒரு சிரிப்பு ஓடியது. சூப்பர்வைசர் அதைக் கேளாதவர்போல், எந்திரத்தின் மானம் காக்கும் பொருட்டு, “தள்ளுங்க, மிஷின்ல ஒரு கோளாறும் கிடையாது” என்று முழங்கித் தம் விரலை எடுத்துக் கண்ணாடியில் வைத்தார். கிடங்கின் தலைவர், மூன்று பேனாக்களின் நாயகர், மேலிடத்தின் பிரதிநிதி வைத்த விரல் அது.

பச்சை விளக்கு எரிந்தது. திரையில், மிரண்ட விழியும் வகிடு கோணிய தலையுமாக, டேப் அக்கா தோன்றினாள்.

“வணக்கம்” என்றாள் மேடம் அவரிடம்.

தகரக் கூரை அதிர எழுந்த நகையொலியை எவ்வாறு உரைப்போம்! வாட்ச்மேன் நாற்காலியிலிருந்து எழுந்து, “அக்கா, இந்தப் பக்கம் வாங்க” என்று சூப்பர்வைசருக்கு வழிவிட்டார். அவர் முகம் சிவந்தது, உதடு துடித்தது, பிறகு அவராலும் அடக்க முடியவில்லை. முதன்முறையாக அவர் முகத்தில் அந்தப் பாதித் தூக்கம் கலைந்ததை ஊழியர் கண்டனர்.

கைக்குட்டையால் அவர் கண்ணாடியை அழுந்தத் துடைத்தார். மறுபடி ஒவ்வொருவராக வரச் சொன்னார். இப்போது வேறு துன்பம். முத்திரை அழிந்ததும் எவர் விரலையும் எந்திரம் அறியவில்லை. “மீண்டும் முயற்சிக்கவும். மீண்டும் முயற்சிக்கவும்.” அன்று காலை வரை தட்டுத்தடுமாறிப் பிழைத்த விரல்கள் யாவும் அந்தக் குளிரில் தோற்றன. எல்லோரும் தத்தம் கைகளைத் திருப்பிப் பார்த்தனர். எல்லாக் கைகளிலும் அதே வெளுப்பு, அதே சொரசொரப்பு, அதே வெடிப்பு. மீசைக்காரர் தம் கையைச் சட்டைப்பைக்குள் ஒளித்துக்கொண்டார்.

அப்போது தலைவி கைப்பையைத் திறந்து, மூடி நசுங்கிய டப்பாவை வெளியே எடுத்தாள்.

பாசறையில் வீரர்க்குப் படைக்கலம் வழங்கும் பேரரசிபோல் அவள் வாயிலில் நின்றாள். வந்தவர் ஒவ்வொருவருக்கும் ஒரு பொட்டு. “ரொம்ப வேணாம். நல்லா தேய். ஊறட்டும். மேல நிக்கிறதைத் துடைச்சிட்டு அப்புறம் வை.” வாட்ச்மேன் கைக்குட்டையோடு கண்ணாடிக்குக் காவல் நின்றார். லேபிள் அண்ணன் தேய்த்து முகர்ந்து பார்த்து, “பொண்ணு பாக்கப் போற மாதிரி இருக்கு” என்றார். மீசைக்காரர் யாரும் பார்க்காதபோது இன்னொரு பொட்டு கேட்டார். பச்சை விளக்கு ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தது. ஒவ்வொருவரும் அவரவர் படத்தோடு, அவரவராகவே உள்ளே சென்றார்கள்.

எல்லோரும் போனபின் சூப்பர்வைசர் மட்டும் நின்றார். கொஞ்சம் தயங்கி, எங்கோ லாரியைப் பார்ப்பவர்போல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை நீட்டினார். காகிதமும் கிருமிநாசினியும் தின்ற அந்தக் கை, ஷிஃப்டிலேயே மோசமான கையாக இருந்தது. அவள் அதில் இரண்டு பொட்டு வைத்தாள்.

“முந்தாநாள் விஷயத்தை நான் மேல பேசிட்டேன்னு வச்சுக்குங்க” என்றார் அவர், கையைத் தேய்த்துக்கொண்டே. “நீங்க லீவுல போயிட்டு வாங்க.”

“சரிங்க சார்.”

“டப்பாவை மட்டும் இங்க வச்சிட்டுப் போங்க.”

இவ்வாறு வெற்றியும் லீவும் பெற்று, பிணையாக டப்பாவை ஈந்து, பிறர் ஓட்டிய பேருந்தில் ஜன்னலோரம் அமர்ந்து, அந்த ஓட்டுநரின் ஒவ்வொரு பிரேக்கையும் பக்கத்தில் இருந்து திருத்திக்கொண்டே வந்த கணவரோடு, கடலின் சந்நிதி சேர்ந்தாள் தலைவி. அலையே, எழுந்து வணங்கு! மணலே, விரிந்து கம்பளமாகு! கதிரவனே, உன் கொடியை உயர்த்து! இதோ, கண்ணாடிக்கண் அரக்கியைக் கனிய வைத்தவள், கிடங்கு முழுவதற்கும் ரேகை ஈந்த வள்ளல், இளகி மென்மையுற்ற தன் கையை அலையோரத்தில் கணவரின் கைக்குள் வைத்தாள். அவரும் அதை ஸ்டியரிங்கைப் பிடிப்பதுபோல் இறுகப் பிடித்துக்கொண்டார். வெயில் ஏறியது, காற்று வீசியது, காலைத் தொட்ட நுரை திரும்பிச் சென்று மீண்டும் வந்தது. போக வேண்டிய நேரம் என்று ஒன்று இல்லாமல், திருப்ப வேண்டிய வண்டி என்று ஒன்று இல்லாமல், பகல் முழுவதும் திறந்த வானத்தின்கீழ், நிழலையும் நாடாமல், நெற்றியும் கன்னமும் நாசியும் ஞாயிற்றின் பொன்னொளியில் சுடர, முகம் நிமிர்த்தி, கண்மூடி, வெற்றித் திருமகளாக அவள் வீற்றிருந்தாள்.

மறுநாள் அவளுக்கு மூக்கு உரிந்தது.